வெள்ளைத் தாள், ரோஸ் தாள்

திரிலோக்புரி, தில்லி
8.12.2025

தலைநகர் சமூகப் பணியாளர் சங்கத்துச் செயலாளர் ஜலஜா அம்மா அவர்களுக்கு, ஐந்தாம் வகுப்பு அருக்காணி எழுதிக்கொள்வது.

உங்கள் நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷில் வந்தது. பக்கத்து வீட்டுக் கோமளாவை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, “அக்கா, இவங்க உங்களைக் கூப்பிடறாங்களா திட்டறாங்களான்னே தெரியல” என்றாள். இரண்டும்தான் கண்ணு, எனக்கு இருபது வருஷமாகத் தெரிந்த கை என்றேன்.

போன் செய்தால் எடுப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் கேட்காமலே அழிக்கிறீர்கள். “எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள்” என்று கடைசியாக ஒரு வரி. சரி, எழுத்தில் கொடுக்கிறேன். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் நான் வேலை பார்த்த துணைக்கரம் ஆபீஸில் என் கழுத்து அட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம் தொங்கிய அட்டை. இனிமேல் பட்டம் வாங்கியவர்கள்தான் வீடு வீடாகப் போகலாம், சங்கம் விதி போட்டிருக்கிறது என்றார்கள். சங்கம் என்றால் யாருங்க என்று கேட்டேன். உங்கள் பேரைச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

என் இடத்துக்கு வைஷ்ணவி வந்தாள். அட்டை அவள் கழுத்துக்கு மாறியது. நவம்பர் 27ஆம் தேதி, நான் போய்வந்த தமிழ்க் குடிசைக் கேம்பில், தங்கத்தின் வலது கையை அவள் புருஷன் ரத்தினவேல் கதவிடுக்கில் வைத்து உடைத்தான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட மறுநாள் தங்கத்தைக் காணோம். இப்போது நோட்டீஸ் கேட்பது, அவளை நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேனா, எங்கே வைத்திருக்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம்.

இரண்டாவதுக்குப் பதில் கிடையாது. அவள் இருக்கும் இடம் அவன் காதுக்குப் போனால் அடுத்த தடவை கையோடு நிற்காது. பாஸ் மார்க்குக்கு ஒரு பதில் போதுமல்லவா? நான் படித்த பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்துதான் பாஸ்.

இப்படிக்கு,
அட்டை இல்லாத அருக்காணி


மயூர் விஹார், தில்லி
12.12.2025

திருமதி அருக்காணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வரிசை எண் 41 ஆகப் பதிவாகியுள்ளது. நீங்கள் ஆங்கிலம் படிப்பதில்லை என்பதை மறந்து நோட்டீஸ் அனுப்பியது எங்கள் தவறு. இனி நானே தமிழில் எழுதுகிறேன். இங்கே லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ்.

கேலியை ஒதுக்கிவிட்டுப் பேசலாம். தங்கம் துணைக்கரம் அமைப்பின் பதிவேட்டில் உள்ள பயனாளி. அமைப்போடு தொடர்பில்லாத ஒருவர் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப் போவதும், இருப்பிடத்தை மறைப்பதும் குற்றமாகக்கூடும். உங்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. நல்லெண்ணம் ஒரு தகுதி ஆகாது என்பதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன்.

உங்களை நீக்கியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் நீங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கை ஒன்றுகூட அந்த அலுவலகத்தில் இல்லை. எத்தனை பெண்கள், எந்தச் சந்து, யார் அடித்தார், எப்போது அடித்தார் எல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. நாளைக்கு உங்களை ஒரு ஈ-ரிக்‌ஷா இடித்தால் அத்தனை பெண்களும் உங்களோடு சேர்ந்து காணாமல் போவார்கள். நான் கேட்டது பட்டம் மட்டுமல்ல, பதிவு. புதிய படிவத்தைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் தரப்பட்டது. நீங்கள் அதன் பின்பக்கத்தில் கோலம் போட்டுக் கொடுத்தீர்கள்.

வைஷ்ணவி மேல் விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது. ஏழு நாட்களுக்குள் தங்கம் இருக்குமிடத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.

ஜலஜா கல்யாணராமன்
செயலாளர்
நகல்: கோப்பு


திரிலோக்புரி
17.12.2025

செயலாளர் அம்மாவுக்கு,

ஈ-ரிக்‌ஷா இடித்தால் முட்டிதான் சிராயும். லாரி என்று எழுதியிருக்கலாம். என்னைக் கொல்வதில்கூட உங்களுக்குச் சிக்கனம்.

கோலம் போட்டது உண்மை. பதினாறு புள்ளி. அந்தப் படிவத்தில் அது ஒன்றுதான் பார்க்க லட்சணமாக இருந்தது.

தங்கத்தின் கை எப்படி உடைந்தது என்று உங்கள் கோப்பில் இருக்காது, அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் படிவத்தில் இரண்டு தாள் இருக்கிறது. மேலே வெள்ளை, அது ஆபீஸுக்கு. கீழே கார்பனில் விழுகிற ரோஸ், அது வீட்டுக்காரிக்கு. வைஷ்ணவி நவம்பர் 20ஆம் தேதி தங்கத்தின் வீட்டுக்குப் போனாள். ரத்தினவேல் வேலைக்குப் போயிருந்தான். மூன்று வருஷமாக வாங்கிய அடியைத் தேதி வாரியாகத் தங்கம் சொன்னாள், வைஷ்ணவி எழுதினாள், கையெழுத்து வாங்கினாள். பிறகு ரோஸ் தாளைக் கிழித்து, “இது உங்க உரிமை, பத்திரமா வெச்சுக்கங்க” என்று கொடுத்துவிட்டு வந்தாள். தங்கத்துக்கு உரிமை என்று ஒன்று கையில் வந்தது அதுதான் முதல் தடவை. பத்திரமாகத்தான் வைத்தாள், சமையல் கேஸ் புத்தகத்துக்குள். அந்த வீட்டில் முக்கியமான காகிதமெல்லாம் அங்கேதான் இருக்கும். அடுத்த வாரம் அவன் சிலிண்டர் புக் செய்யப் புத்தகத்தைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றான். டாக்டர் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று இவள் சொன்னாள். சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். பாருங்கள், அங்கேயும் பதிவு இருக்கிறது.

நான் எப்படி வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா? டிசம்பர் வந்தால் ஒரு கிலோ மட்டர் பட்டாணி வாங்கிக்கொண்டு கேம்புக்குப் போவேன். வெயில் விழுகிற சுவரோரம் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பட்டாணியைக் கொட்டினால் யாரும் கேட்காமலே உரிப்பார்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாக அவிழும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய சங்கடமும் இல்லை. தங்கம் முதல் கிலோவில் பேசவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கிலோவில், தோலைப் பார்த்துக்கொண்டே, “அக்கா, ராத்திரியெல்லாம் எனக்குக் காது இரையுது” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் லாரி வரிசை. ரத்தினவேலுக்கு நான் யாரென்று கடைசி வரை தெரியாது. வெட்டி அக்கா என்று கூப்பிடுவான். அதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா?

2005இல் ஒரு காலேஜ் பெண் என் பின்னால் வந்தாள். ஒல்லியாக, பெரிய நோட்டும் பேனாவுமாக. சுவரோரம் உட்கார்ந்ததும் எதிரே இருந்தவளிடம், “உங்க கணவர் வாரத்துக்கு எத்தனை தடவை உங்களை அடிப்பார்?” என்று கேட்டாள். அந்தப் பொம்பளை என் தொடையைக் கிள்ளி, “யாருக்கா இது, மக்கள்தொகை கணக்கா?” என்றாள். அந்த நோட்டைப் பிடுங்கிப் பட்டாணித் தோல் போட வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் அன்று சிரித்தாள். இப்போது செயலாளர்.

ஏழு நாளில் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். ஐந்தாம் நாளே சொல்லிவிடுகிறேன். சொல்ல மாட்டேன்.

அருக்காணி


மயூர் விஹார்
20.12.2025

திருமதி அருக்காணி அவர்களுக்கு,

அந்த காலேஜ் பெண்ணைப் பற்றி இனி எழுத வேண்டாம். அவளுக்கு நினைவிருப்பது வேறு ஒன்று.

2012இல் நம்மோடு வேலை பார்த்த அபிராமியின் மண்டையில் யாரோ எறிந்த செங்கல் விழுந்தபோது நீங்களும்தான் இருந்தீர்கள். ரத்தத்தோடு அவளை ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனோம். அந்த போலீஸ்காரர் பேனாவை எடுக்கவே இல்லை. டாக்டரா, வக்கீலா, சர்க்கார் ஆளா என்று கேட்டார். சமூகப் பணியாளர் என்றேன். “அச்சா, சமாஜ் சேவகா? எங்க கவுன்சிலரும் போஸ்டர்ல அதையேதான் போட்டுக்கறார்” என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அபிராமி அதற்குப் பிறகு இந்த வேலைக்குத் திரும்பவில்லை. இன்று வங்கியில் இருக்கிறாள்.

இரண்டு வருடம் முதுகலை படித்துவிட்டு வருகிற பெண்ணுக்குப் பதினெட்டாயிரம் சம்பளம், நூற்றுப் பத்து குடும்பங்கள், அடி விழுந்தால் யாரும் இல்லை. ஏன்? பிஸ்கட் பாக்கெட் கொடுக்கிறவரும் போட்டோவுக்கு நிற்கிறவரும் அதே பெயரை வைத்துக்கொள்வதால். டாக்டருக்கு ஒரு கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்கு இருக்கிறது. எங்களுக்கு ஒரு சங்கம், வாடகைக்கு ஒரு அறை, மூன்று நாற்காலி. அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வேலி போட வேண்டும் என்று பதிமூன்று வருடமாக அலைகிறேன். வேலி போட்டால் வெளியே நிற்பவர்களில் நீங்களும் ஒருவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

இன்னொன்று. 18ஆம் தேதி ரத்தினவேல் சங்க அலுவலகத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் அந்த ரோஸ் தாள். அதன் மேலே சங்கத்தின் முகவரி அச்சிட்டிருக்கிறது. மனைவியைக் காணவில்லை என்று அழுதார். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுப்பது எங்கள் வழக்கமல்ல. அருக்காணி என்பவர் கேம்பில் பழக்கமா என்று கேட்டேன், தெரியும் என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டேன். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு ஆலோசனைக் கூட்டம் நடத்தலாம் என்பது என் கருத்து. தேதி பின்னர்.

ஜலஜா கல்யாணராமன்
நகல்: கோப்பு


திரிலோக்புரி
24.12.2025

ஜலஜா,

அம்மாவும் இல்லை, அவர்களும் இல்லை, இன்றைக்கு நீ மட்டும்தான்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டினார்கள். கோமளா என்று நினைத்துத் திறந்தேன். ரத்தினவேல் நிற்கிறான். அதே இஸ்திரி சட்டையாகத்தான் இருக்கும். “என்னக்கா, ஜங்புராவுல உங்க வீட்ட இடிச்சப்புறம் எங்க போனீங்கன்னே தெரியல. இங்கதான் இருக்கீங்களா?” என்றான். ஜூன் மாதம் இங்கே வந்தேன். கேம்பில் ஒருத்திக்கும் வீட்டு எண் சொன்னதில்லை. தங்கத்துக்கே தெரியாது. என் முகவரி எழுதிய காகிதம் இந்த தில்லியில் உன் ஆபீஸில் மட்டும்தான் இருக்கிறது.

வாசலில் வைத்துப் பேசினால் சத்தம் கூடும். உள்ளே வரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். கீழே பட்டாணி கிடந்தது, உரி என்றேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, உரித்தான். முக்கால் மணி நேரம். கண்ணு மட்டும் கட்டிலுக்கு அடியில், திரைக்குப் பின்னால், பரண் மேலே. அவள் இங்கே இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. அவனிடம் சும்மா கேட்டேன், அட்ரஸ் யார் கொடுத்தாங்க தம்பி என்று. பெருமையாகச் சொன்னான். மேடம் தண்ணீர் எடுக்கப் போனாங்க, மேசை மேல நோட்டு திறந்திருந்தது, தலைகீழாவே படிச்சுட்டேன் என்றான். தபால் அனுப்புகிற நோட்டு. 41க்குப் பதில், திருமதி அருக்காணி, வீட்டு எண், பிளாக், பின்கோடு. பின்கோடுகூடச் சொன்னான்.

போகும்போது உரித்த கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “அவகிட்டச் சொல்லுங்க, இன்னொரு கை இருக்கு” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கும் வேடிக்கை பேசத் தெரியும், அதனால் எது வேடிக்கை எது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் பகலிலேயே தங்கத்தை வேறு இடத்துக்கு மாற்றினேன். இது மூன்றாவது இடம். கட்டுப் போட்ட கையோடு, பனியில், மூன்று பஸ் மாறி.

அந்தப் பட்டாணியை நான் சமைக்கவில்லை. குப்பையில் கொட்டினேன். இருபது வருஷத்தில் பட்டாணியைக் கொட்டியது இதுதான் முதல் தடவை.

எதிரெதிரே உட்காரவைக்கப் போகிறாயாமே. நடுவில் யார் உட்காருவது, கார்பன் தாளா?

அருக்காணி


மயூர் விஹார்
28.12.2025

திருமதி அருக்காணி அவர்களுக்கு,

18ஆம் தேதி அனுப்புகைப் பதிவேடு என் மேசை மேல்தான் இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் இல்லை. ஆலோசனைக் கூட்டம் கைவிடப்பட்டது.

விசாரணை ஜனவரி 10ஆம் தேதி, தலைவர் உஷாராணி மேடம் முன்னிலையில். உங்களைச் சாட்சியாக அழைக்கக் குழு முடிவு செய்துள்ளது. உறுப்பினர் அல்லாதவரை அழைப்பது இதுவே முதல் முறை. வைஷ்ணவி அந்த ரோஸ் தாளைக் கொடுத்த விதத்தில் கவனக்குறைவு இருந்தது என்பது குழுவின் எண்ணம். தங்கத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டு நிலவரம் புரிந்த எவரும் அதைக் கொடுத்திருக்க மாட்டார் என்று நீங்கள் சொன்னால் போதும்.

இன்னொரு செய்தியும் தெரிவிக்கச் சொன்னார்கள். உங்கள் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, “சமூகத் தன்னார்வலர்” என்ற பெயரில் துணைக்கரத்தில் உங்களை மீண்டும் எடுத்துக்கொள்ளச் சங்கம் பரிந்துரை செய்யத் தயாராக இருக்கிறது. அட்டையும் வழங்கப்படும்.

இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜலஜா கல்யாணராமன்
நகல்: கோப்பு


திரிலோக்புரி
2.1.2026

செயலாளர் அம்மாவுக்குப் புத்தாண்டு வாழ்த்து.

இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்து நானும் கோமளாவும் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டு சர்தார் எட்டிப் பார்த்தார். தொடர்பில்லை என்றால் எதற்காக ஒரே கவரில் வந்தது, தனியாக அனுப்பினால் தபால் செலவாகும் என்றா?

அட்டைக்கு ஆசை இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். செப்டம்பரிலிருந்து காலையில் புடவை கட்டியதும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. வெறும் கழுத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. இதை உங்கள் கோப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் வைஷ்ணவி முந்தாநாள் என்னைத் தேடி வந்தாள். நீங்கள் அவளுக்கு அனுப்பிய சாட்சிப் பட்டியலில் என் முகவரி இருந்ததாம். பாருங்கள், தில்லியில் என் வீட்டுக்கு வழி கேட்பவர்கள் எல்லாரும் உங்களிடம்தான் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் ஒரு மாசமாகத் தூங்கவில்லை என்றாள். நன்றாக வைதேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அலமாரியைப் பார்க்க மாட்டாயா, இந்த வீட்டில் ஒளிக்க இடம் இருக்கிறதா என்று யோசிக்க மாட்டாயா, அப்படி என்னதான் படித்தாய் என்று கேட்டேன். அதற்கு அவள் பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

நான் கோலம் போட்டது பின்பக்கம். முன்பக்கத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன், எழுத்துக் கூட்டி. கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. “பயனாளிக்கு நகல் கொடுக்கப்பட்டதா? ஆம் / இல்லை. இல்லை எனில் காரணம் கூறவும்.” இல்லை என்று டிக் செய்தால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும், மூன்று நாள் ஆகும், அதுவரை அந்த வீட்டுக்கு உதவி எதுவும் போகாது. தங்கம் அன்றைக்கே உதவி கேட்டாள். அதனால் இந்தப் பெண் ஆம் என்று டிக் செய்தாள். நீங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். அதுதான் அவள் செய்த கவனக்குறைவு.

நான் சாட்சிக்கு வர மாட்டேன். வந்தால் ஒரே கேள்விதான் கேட்பேன், உஷாராணி மேடத்தைப் பார்த்து இல்லை. அந்தக் கட்டத்தை வரைந்தது யார்?

தன்னார்வலர் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். எனக்கு ஆர்வம் இருக்கிறது. தன் என்பதுதான் இடிக்கிறது.

அருக்காணி


11.1.2026

அக்கா,

அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

இதை அலுவலகத்தில் எழுதவில்லை. வரிசை எண் கிடையாது. தபாலிலும் போடப்போவதில்லை. நானே கொண்டுவந்து உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். கதவைத் தட்ட மாட்டேன். பயப்பட வேண்டாம், நடந்துதான் வருவேன், வழி யாரிடமும் கேட்க மாட்டேன்.

கட்டத்தை வரைந்தது நான். உங்களுக்குத் தெரிந்துதான் கேட்டீர்கள்.

2012க்குப் பிறகு வந்த கோபம் அது. எங்களிடம் வருகிற பெண் வெறுங்கையோடு போகக்கூடாது, தான் சொன்னது எழுத்தில் தன்னிடம் இருக்க வேண்டும், நாளைக்கு நாங்களே இல்லை என்று சொன்னாலும் அவள் அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். வெளிநாட்டுக் கருத்தரங்கில் அந்தப் படிவத்தைப் பாராட்டினார்கள். அந்தத் தாளை வைக்க அவள் வீட்டில் ஒரு பூட்டு போட்ட பெட்டி இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு ஒரு மேசையும் சாவியும் உண்டு.

நேற்று விசாரணையில் இதைச் சொன்னேன். வைஷ்ணவி விதிப்படி நடந்தாள், விதி என்னுடையது, அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்து வைத்ததும் நானே என்றேன். குழுவில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அரசாங்கத்திடம் நம் கோரிக்கை மனு போயிருக்கும் நேரத்தில் செயலாளரே இப்படிச் சொல்லலாமா என்று உஷாராணி மேடம் கேட்டார். வைஷ்ணவி மேல் உள்ள புகாரை முடித்துவைத்தார்கள். என் மேல் ஒன்று திறந்திருக்கிறார்கள். வரிசை எண் 1/2026. வருடத்தின் முதல் எண் எனக்குத்தான். தங்கத்தின் வெள்ளைத் தாளும் மற்றவையும் ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்து மேடத்தின் அலமாரிக்குள் போய்விட்டன. விசாரணை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. படிவத்தில் அந்தக் கட்டத்தை நீக்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவார்களாம். பதிவு இல்லாமல் வேலை செய்வது சரி என்று நான் இன்னமும் நினைக்கவில்லை. அந்தச் சண்டை தீரவில்லை.

தங்கத்தைப் பார்க்க வேண்டும். இருக்கும் இடத்தைக் கேட்கவில்லை. நீங்கள் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். மன்னிப்புக் கேட்டால் அவளுக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியவில்லை. ஒரு கிலோ பட்டாணி வாங்கி வருகிறேன்.

ஜலஜா
நகல்: இல்லை


திரிலோக்புரி
18.1.2026

ஜலஜா,

நீ கதவுக்கு அடியில் காகிதத்தைத் தள்ளியபோது நான் உள்ளேதான் இருந்தேன். உன் செருப்புச் சத்தம் இருபது வருஷமாக மாறவில்லை, இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாய். திறக்கலாமா என்று நினைத்தேன். திறந்தால் நன்றாகத் திட்ட முடியாது என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைத் தங்கத்துக்குப் படித்துக் காட்டினேன். நானே சமாதானம் சொல்லி முடித்துவிடுவேன் என்று நினைக்காதே. அவள் முழுசும் கேட்டாள். அப்புறம், “அந்த மேடத்துக்கு நாக்குல எலும்பு இருக்கு” என்றாள். அது பாராட்டா என்று கேட்டேன். அதை அவங்க வந்தப்புறம் சொல்றேன் என்றாள். ஆகவே நீ வரலாமா என்பது அவள் கையில், என் கையில் இல்லை. அவள் கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. சுருங்கச் சொன்னால் உன் நேரம் சரியில்லை.

அவள் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறாள். ஆமாம், தங்கம்தான். இன்னொரு கை இருக்கிறது என்று அவன் சொன்னானே, அந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறேன் என்கிறாள். இடது கையால் பேரெழுதிப் பழகுகிறாள். என் எழுத்தைவிட லட்சணமாக இருக்கிறது. வக்கீலம்மா ஒருத்தியைப் பார்த்தோம். அவள் முதல் கேள்வியே, என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள் என்றுதான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று இருக்கிறது. ரோஸ் தாள் அவனிடம் இருக்கிறது, இந்நேரம் அடுப்பில் போட்டிருப்பான். நான் எழுந்து, அம்மா, மூன்று வருஷ அடியும் எனக்குத் தெரியும், எந்த தீபாவளிக்கு எந்தப் பல் ஆடியது என்பது வரைக்கும் சொல்கிறேன் என்றேன். வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்க சொல்றது சரி, தேதி போட்டு எழுதினது ஏதாவது இருக்கா என்றாள்.

என் மண்டையைக் கழற்றி நீதிபதி மேசை மேல் வைக்க முடியாதாம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சந்தோஷப்படாதே. படித்ததும் கிழித்துவிடு.

தேதி வாரியாக, அவள் வாயால் சொன்னபடி, கை உடைவதற்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் இந்த ஊரில் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. உஷாராணி மேடத்தின் அலமாரியில், அரக்குக்குள்.

அது வேண்டும். விசாரணை முடிந்ததும் இல்லை, இந்த வெள்ளிக்கிழமை. எப்படி எடுப்பாய் என்பது உன் பாடு. கெஞ்சி எடு, சண்டை போட்டு எடு, அலமாரியோடு தூக்கி வா. உன் பதவி போகும் என்று தெரியும். போனால் ஒன்றும் ஆகாது, கழுத்து கொஞ்ச நாள் லேசாக இருக்கும், கை மேலே மேலே போகும், அவ்வளவுதான். நான் இருக்கிறேனே.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. நீ முதன்முதலாக நோட்டைக் கொண்டுவந்த அதே சுவரோரம் இல்லை, அதை இடித்துவிட்டார்கள். சஞ்சய் ஏரிப் பூங்காவில், பெரிய வாசலுக்கு உள்ளே, வெயில் விழுகிற பெஞ்சு. நான் இருப்பேன். அவள் வருவாளா என்பதை உன் கையில் இருக்கிற காகிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வாள். தூரத்திலிருந்தே பார்ப்பாள். வெள்ளைத் தாள் இல்லாமல் வந்தால் பட்டாணியும் வேண்டாம், நீயும் வேண்டாம், அப்படியே மெட்ரோ ஏறிவிடு.

நீதான் சொன்னாய், எதுவானாலும் எழுத்தில் கொடு என்று. எழுத்தில் கேட்கிறேன்.

அருக்காணி
நகல்: ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதே.